ஐம்பது கிராமுக்குள் பேஸ்

1979-ன் தொடக்கத்தில் டோக்கியோவில் சோனி நிறுவனத்தின் இரண்டு குழுக்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே வேலை செய்துகொண்டிருந்தன. டேப் ரெகார்டர் பிரிவில் கோசோ ஓசோனேயின் ஆட்கள், நிருபர்கள் பேட்டி எடுக்கப் பயன்படுத்திய ‘பிரஸ்மேன்’ என்ற சின்ன ரெகார்டரிலிருந்து பதியும் பகுதியைக் கழற்றிவிட்டு, அதை ஸ்டீரியோவில் பாட வைத்திருந்தார்கள். நிறுவனர்களில் ஒருவரான மசாரு இபுகாவுக்கு நீண்ட விமானப் பயணங்களில் பாட்டுக் கேட்கவேண்டும் என்ற ஆசை. கருவி நன்றாகவே பாடியது. ஹெட்போன்தான் இடித்தது. அன்றைய ஹெட்போன்கள் 300 முதல் 400 கிராம் வரை இருந்தன. பாட்டுப் பெட்டியின் எடையும் ஏறக்குறைய அதுவே. பையில் ஒன்று, தலையில் ஒன்று என்று யார் இரண்டு பெட்டிகளைச் சுமப்பார்கள்?

அதே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு குழு, 50 கிராம் எடையில் ஒரு ஹெட்போனைச் செய்துகொண்டிருந்தது. மெல்லிய எஃகுப் பட்டை, இரு முனையிலும் வட்டமான ஸ்பாஞ்ச். இரண்டையும் சேர்த்ததும் வாக்மேன் பிறந்தது. 1979 ஜூலை 1 அன்று 33,000 யென் விலையில் கடைக்கு வந்தது. முதல் மாதம் விற்றவை மூவாயிரம்தான். ஆகஸ்ட் முடிவதற்குள் முதல் தொகுதியான முப்பதாயிரமும் தீர்ந்துவிட்டன. வாக்மேன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெட்டியைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்தப் பெருமையில் பாதி ஸ்பாஞ்ச் ஹெட்போனுக்குச் சேரவேண்டும். இன்று ஐநூறு ரூபாய்க்குள் பேஸும் தெளிவும் தேடி அலைகிறவர் கையில் எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு இயர்போனுக்கும் முன்னோடி அந்த 50 கிராம்தான்.

அதற்கு முந்தைய கதை முழுக்கச் சுமையின் கதை. 1880-களில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களுக்காக எஸ்ரா கில்லிலாண்ட் செய்த கருவியில் காதுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்று எல்லாம் தோளில் ஏறி உட்கார்ந்தன. மொத்த எடை நாலரைக் கிலோவுக்கு மேல். 1910-ல் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின், தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன் ஜோடியை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். சோதித்துப் பார்த்தவர்கள் அசந்துபோய் ஆர்டர் கொடுத்தார்கள். சமையலறைத் தொழிற்சாலை அல்லவா, ஒரே சமயத்தில் பத்துக்கு மேல் செய்துதர அவரால் முடியவில்லை. அந்த ஹெட்போனிலிருந்து கேட்டது மோர்ஸ் சங்கேதமும் பேச்சும். பேஸைப் பற்றி யாரும் கவலைப்படவேண்டிய காலம் அதுவல்ல.

ஜெர்மனியில் ஆய்கன் பையர் 1937-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிடி 48, இன்றுள்ள அமைப்பிலான முதல் ஹெட்போன். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு சவ்வு. ஆனாலும் பாட்டுக்காகவே ஹெட்போன் வாங்கும் பழக்கம் மில்வாக்கி நகரில், 1958-ல்தான் தொடங்கியது. அங்கே ஜான் கோஸ் என்பவர் மருத்துவமனை நோயாளிகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பு நடத்தியவர். பொறியாளர் மார்ட்டின் லாங்கேயுடன் சேர்ந்து அவர் ஒரு கையடக்க ரெக்கார்டு பிளேயரைச் செய்தார். அதைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வசதியாக எஸ்பி/3 என்ற ஸ்டீரியோ ஹெட்போனையும் உடன் வைத்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்த ஆண்டும் அதுவே. கண்காட்சிக்கு வந்தவர்கள் பிளேயரை விட்டுவிட்டு ஹெட்போனைச் சுற்றி நின்றார்கள். கோஸின் வாழ்க்கை அன்றோடு திசை மாறியது.

பத்து ஆண்டு கழித்து, 1968-ல், ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் மஞ்சள் ஸ்பாஞ்ச் வைத்த எச்டி 414-ஐக் கொண்டுவந்தது. காதை இறுக மூடும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, பின்பக்கத்தைத் திறந்து விட்ட முதல் ஹெட்போன் இது. எடை குறைந்தது, காது வியர்ப்பது நின்றது. ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

எடையைக் குறையவிடாமல் பிடித்துவைத்திருந்தது எது என்று தெரிய, பழுதான ஒரு மலிவு இயர்போனைப் பிளந்து பார்த்தால் போதும். பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்ததும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம் கையில் விழும். மேலே கண்ணாடித் தாள் போன்ற பாலியெஸ்டர் சவ்வு, ஓரமெங்கும் மெல்லிய மடிப்புகள். சவ்வின் அடிப்பக்கத்தில் தலைமுடியைவிட மெலிந்த, வார்னிஷ் பூசிய செம்புக் கம்பிச் சுருள். சுருளுக்குள் நுழைந்து நிற்கும் குட்டிக் காந்தம். ஸ்க்ரூடிரைவர் முனையை அருகில் கொண்டுபோனால் படக்கென்று பிடித்துக்கொள்ளும். பாட்டு மின்னோட்டமாகச் சுருளில் ஓடும்போது காந்தம் அதைத் தள்ளும், இழுக்கும். சவ்வு அதோடு ஆடும். தள்ளுகிற வலு காந்தத்தைப் பொறுத்தது. பழைய காந்தங்களில் அந்த வலு வேண்டுமென்றால் பெரிய இரும்புக் கட்டியாக வைத்தாகவேண்டும்.

இந்தக் கட்டை அவிழ்த்தவை அரிய மண் உலோகங்கள். 1960-களில் அமெரிக்க விமானப்படை ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த சமேரியம்-கோபால்ட் காந்தம், சின்ன உருவில் பெரிய வலுவைக் கொடுத்தது. வாக்மேன் காலத்து மெல்லிய ஹெட்போன்கள் அதன் தயவில் வந்தவை. ஆனால் கோபால்ட் விலை கூடிய பொருள். அதில் பெரும்பகுதி வந்த ஜயர் நாட்டில் 1978-ல் போர் மூண்டதும் விலை எகிறியது. கோபால்ட் வேண்டாத காந்தத்தை எல்லோரும் தேடினார்கள். ஜப்பானில் சுமிட்டோமோ நிறுவனத்தின் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் குரோட்டும் தனித்தனியாக ஒரே விடையைக் கண்டார்கள். நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த காந்தம். 1983-ல் அது உலகுக்குத் தெரிந்தது.

நியோடிமியம் உள் மங்கோலியாவின் பயான் ஓபோ சுரங்கத்தில் ஏராளமாகக் கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தப் பிரிவான மேக்னகுவெஞ்சை 1995-ல் விற்றபோது வாங்கியவர்களில் சீன நிறுவனங்களும் இருந்தன. 2000-களின் தொடக்கத்தில் அதன் அமெரிக்க ஆலைகள் மூடப்பட்டு, உற்பத்தி சீனாவுக்குப் போனது. காந்தம், செம்புக் கம்பி, பாலியெஸ்டர் சவ்வு, பிளாஸ்டிக் வார்ப்பு எல்லாம் ஷென்சென் சுற்றுவட்டாரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கத் தொடங்கியதும், இயர்போனின் அடக்க விலை சரிந்தது. நூறு ரூபாய் இயர்போனிலும் நியோடிமியம் இருப்பது இப்படித்தான். அட்டைப் பெட்டியில் அந்தப் பெயரைப் பெரிதாக அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த ஸ்பாஞ்ச் ஹெட்போன் கப்பலிலும் விமானத்திலும் பெட்டிகளுக்குள் வந்தது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்தார்கள். இல்லையென்றால் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே பர்மா பஜார். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் பிழைக்க 1969-ல் உருவான அந்தக் கடை வரிசைதான், வெளிநாட்டுச் சாமான் என்றால் சென்னைக்காரர்கள் முதலில் நினைக்கும் இடமாக நெடுங்காலம் இருந்தது. அப்போது தமிழ்ப் பாட்டும் மாறிக்கொண்டிருந்தது. 1978-ல் வெளிவந்த ‘ப்ரியா’ படத்தின் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிந்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் பாடல்களில் பேஸ் கிட்டார் வெறுமனே தாளத்தோடு ஒட்டி நடக்காமல், மெட்டுக்கு எதிர்மெட்டாகத் தனியே பேசத் தொடங்கியது. டீக்கடை வானொலியில் அது பாதிதான் கேட்கும். ஹெட்போன் மாட்டியவருக்கு, அதுவரை நூறு தடவை கேட்ட பாட்டுக்குள் இன்னொருவர் புதிதாக வாசிக்கிறார் என்று தோன்றும். பேஸ் மீது தமிழ்க் காதுகளுக்குள்ள பற்றை வெறும் ‘டம் டம்’ ஆசை என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பாடல்களில் பாதி இசை கீழேதான் நடக்கிறது.

ஆனால் 50 கிராம் ஹெட்போனில் ஒரு குறை இருந்தது. எடை போனபோது பேஸும் கூடவே போனது.

30 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 11 மீட்டருக்கு மேல். ஓர் அறையில் அதை எழுப்பப் பெரிய ஸ்பீக்கர் ஏராளமான காற்றைத் தள்ளவேண்டும். காதுக்குள்ளோ காற்றின் அளவு ஒன்றிரண்டு கன சென்டிமீட்டர்தான். அந்தச் சின்ன இடம் முழுக்க மூடியிருந்தால், சவ்வு துளி அசைந்தாலே செவிப்பறையில் அழுத்தம் ஏறும், பேஸ் தானாக வரும். எங்கேயாவது ஓர் இடைவெளி இருந்தால் முதலில் கசிந்து போவது பேஸ்தான். மேல் ஒலிகள் அவ்வளவாகக் குறையாது. ஸ்பாஞ்ச் ஹெட்போனை இரண்டு உள்ளங்கையாலும் காதோடு சேர்த்து அழுத்தினால் டிரம் சத்தம் சட்டென்று கனக்கும், கையை எடுத்தால் வடிந்துவிடும். சென்ஹைசரின் மஞ்சள் ஸ்பாஞ்சிலிருந்தே இந்தக் கசிவு உண்டு.

1984-ல் கோஸ் நிறுவனம் கொண்டுவந்த போர்ட்டா ப்ரோ இதற்கு ஒரு வழி கண்டது. ஸ்பாஞ்ச் வைத்த, மடிக்கக்கூடிய, எடை குறைந்த ஹெட்போன்தான். ஆனால் சவ்வையும் கூட்டையும் சரிப்படுத்தி பேஸைத் தூக்கி வைத்திருந்தார்கள். நாற்பது ஆண்டு கடந்தும் கிட்டத்தட்ட அதே வடிவில், அமெரிக்காவில் ஐம்பது டாலர் அளவில் விற்கிறது. மலிவு ஹெட்போன்களில் நிலைத்து நின்றது எது என்றால், இதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

மற்றவர்கள் வேறு வழியில் போனார்கள். 1982-ல் சோனி எம்டிஆர்-இ252 என்ற இயர்போனைக் கொண்டுவந்தது. தலைப் பட்டை இல்லாமல் காது மடலின் குழியில் செருகிக்கொள்ளும் பொத்தான். காது ஓட்டையை அது மூடவில்லை, வாசலில் சாய்ந்து நின்றது. அந்த வடிவமே 2001-ல் ஐபாடோடு வந்த வெள்ளை இயர்பட் வரை ஓடியது. உலகம் முழுக்கத் தெருவில் தெரிந்த அந்த வெள்ளை ஒயர்களில் பேஸ் மெலிந்தே இருந்தது. ஒவ்வொரு காதின் குழியும் ஒவ்வொரு அளவு, பொத்தானோ ஒரே அளவு. நண்பனுக்கு நன்றாகப் பாடியது தனக்கு ஏன் சப்பென்று இருக்கிறது என்று வாங்கியவர்கள் குழம்பியதற்குக் காரணம் இதுதான்.

விடை நூறாண்டுக்கு முன்பே இருந்தது. பிரான்சின் எர்னெஸ்ட் மெர்காடியே 1891-ல் காப்புரிமை பெற்ற தொலைபேசிக் கருவி, ரப்பர் உறை போட்டு இரண்டு காது ஓட்டையிலும் செருகும்படி அமைந்தது. 50 கிராமுக்குள்தான். வெளிச் சத்தத்தை அடைக்க அவர் யோசித்த ரப்பர், பேஸையும் உள்ளே தக்கவைக்கும் என்பது பிற்பாடு பயன்பட்டது. 1991-ல் எட்டிமோடிக் நிறுவனம் காதை முழுக்க அடைக்கும் ஈஆர்-4ஐ இசை கேட்பவர்களுக்காக விற்றது. துல்லியமானது, ஆனால் நூற்றுக்கணக்கான டாலர். சாதாரண சுருளும் சவ்வும் வைத்த டிரைவரோடு சிலிக்கோன் ரப்பர் முனையைச் சேர்த்ததும்தான் விலை இறங்கியது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம், கணினிகளுக்கு சவுண்ட் பிளாஸ்டர் அட்டை செய்த அதே நிறுவனம், 2000-களின் நடுவில் ஈபி-630 என்ற இயர்போனை விற்றது. 9 மில்லிமீட்டர் டிரைவர், மூன்று அளவு ரப்பர். இந்தியாவில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த நாட்களில், கல்லூரி விடுதிகளில் ஒருவர் வாங்கினால் அடுத்த அறைக்காரரும் வாங்குவார். அந்த விலையில் அப்படியொரு பேஸை அதுவரை அவர்கள் கேட்டதில்லை.

பேஸ் மலிவாகக் கிடைத்தவுடன் இன்னொரு தொல்லை முளைத்தது. தெளிவு போனது. பெல் ஆய்வுக்கூடத்தில் வெகலும் லேனும் 1924-லேயே அளந்து காட்டிய ஒரு குணம் மனிதக் காதுக்கு உண்டு. கீழ் ஒலி பலமாக இருந்தால் தனக்கு மேலே உள்ள ஒலிகளை அது மறைத்துவிடும், மேல் ஒலியால் கீழ் ஒலியை அவ்வளவாக மறைக்க முடியாது. 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை வீங்க வைத்தால் மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் பாடகரின் அடிக்குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். ‘பேஸ் இருக்கு, ஆனா பாட்டு போர்வைக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு’ என்று கடையில் சொல்கிறார்களே, அது இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. காது ஓட்டை இரண்டரை சென்டிமீட்டர் அளவுள்ள குழாய். திறந்திருக்கும்போது 3,000 ஹெர்ட்ஸ் அருகே உள்ள ஒலிகளை அதுவே தூக்கிக் கொடுக்கிறது. பேச்சில் மெய்யெழுத்துகள் பிரிந்து கேட்பதற்கு இந்த உயர்வு பெரிதும் உதவுகிறது. ரப்பரால் அடைத்துவிட்டால் அந்த இயற்கையான உயர்வு இடம் மாறிவிடும். அதை டிரைவரே ஈடு செய்யவேண்டும். மலிவு இயர்போன்கள் பலவற்றில் பேஸை ஏற்றினார்கள், இந்த ஈட்டைச் செய்யவில்லை. வேறு சிலர் அளவுக்கு மீறிச் செய்து, ‘ஸ’வும் ‘ச’வும் காதைக் குத்தும்படி விட்டார்கள்.

எவ்வளவு பேஸ் சரி என்பதை ருசி என்று விட்டுவிடாமல் அளந்தவர்களும் இருக்கிறார்கள். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் 2010-களில் பல நாட்டவரை உட்கார வைத்து, எந்த ஹெட்போன் என்று காட்டாமல் கேட்க வைத்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பது போன்ற, பேஸ் ஓரளவு தூக்கிய ஒலியைத்தான் பெரும்பாலானோர் விரும்பினார்கள். 2018-ல் வெளியான அவர்கள் ஆய்வில் நூற்றுக்கு 64 பேர் அந்தப் பக்கம். 15 பேர் இன்னும் அதிக பேஸ் கேட்டார்கள், 21 பேர் குறைவாகக் கேட்டார்கள். பேஸ் பிடிக்கிறது என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இந்த எண்களைப் பார்க்கலாம். அதற்கு முந்தைய ஆண்டு யெருன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் ஒலி அளவீட்டையும் விலையையும் ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. விலை கூடினால் பொருத்தம், தோல், ஒயர், பெயர் ஆகியவை மாறலாம். ஒலி மேம்படும் என்ற உத்தரவாதம் இல்லை.

இந்தியச் சந்தை திரும்பியது 2016-ல். அந்த செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையை உடைத்தது. அதே மாதம் ஆப்பிள், ஐபோன் 7-ல் ஹெட்போன் ஜாக்கை எடுத்துவிட்டது. பேருந்திலும் ரயிலிலும் எல்லோர் காதுக்கும் இயர்போன் வேண்டியிருந்த அந்த ஆண்டில்தான் போட் என்ற இந்திய பிராண்டு வந்தது. அதன் இயர்போன்களுக்கு வைத்த பெயரே ‘பேஸ்ஹெட்ஸ்’. சிக்காமல் இருக்கத் தட்டை ஒயர், 10 மில்லிமீட்டர் டிரைவர், பெயரில் சொன்னபடியே தூக்கலான பேஸ், சில மாடல்கள் ஐநூறு ரூபாய்க்கும் கீழே. தெளிவைப் பொறுத்தவரை அவற்றில் குறை சொல்ல இடமுண்டு. ஆனால் ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே கேட்கிறவருக்கு, இரைச்சல் முதலில் விழுங்குவது பேஸைத்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மறு ஆண்டு சாம்சங் தன் கேலக்ஸி எஸ்8 போனோடு ஏகேஜி பெயர் போட்ட, துணி சுற்றிய ஒயருள்ள இயர்போனைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தது. இலவசமாக வந்தவற்றில் அவ்வளவு நல்லது அரிது. கொஞ்ச நாளில் அதன் போலிகள் நடைபாதைக் கடைகளில் தொங்கின.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில், நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் சேரும் அந்தச் சந்துகளில், ‘ஒரிஜினலா, ஃபர்ஸ்ட் காப்பியா’ என்ற கேள்வி இயர்போனுக்கும் வந்து சேர்ந்தது. ‘ஒரு பக்கம் கேக்கல’ என்று கொண்டுவருகிறவர்களின் ஒயர் பெரும்பாலும் ஜாக்கின் கழுத்தில்தான் விட்டிருக்கும். அந்த இடத்தை வெட்டிப் புது ஜாக் வைத்துப் பற்றவைத்தால் டிரைவர் பழையபடி பாடும். பேட்டரி ஓய்ந்த புளூடூத் இயர்பட்ஸுக்கு அப்படியொரு மறுவாழ்வு எளிதில் கிடைப்பதில்லை. ஒயர் இயர்போனை மலிவு என்று சொல்லும்போது இந்த ஆயுளையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

பேஸும் தெளிவும் ஒரே மலிவுப் பொருளில் சேர்ந்தது சீனாவின் சின்ன நிறுவனங்களிடம். கேஇசட் போன்றவை ஆயிரம் ரூபாய் அளவில் மாற்றக்கூடிய ஒயரோடு மாடல்மேல் மாடலாக விட்டன. சில பேஸில் மூழ்கின, சில காதைக் கிழித்தன. ஆனால் அளவீடுகள் ஊரறிய வெளிவரத் தொடங்கியதும் தயாரிப்பாளர்கள் ஹார்மன் ஆய்வு காட்டிய ஒலி அளவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிரைவரைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டார்கள். 2022-ல் செங்டுவின் மூன்டிராப் நிறுவனம் ‘சூ’ என்ற இயர்போனையும், 7ஹெர்ட்ஸ் நிறுவனம் ‘சால்நோட்ஸ் ஸீரோ’வையும் கொண்டுவந்தன. இரண்டும் இருபது டாலர் அளவு. பேஸ் ஆழத்தில் இருக்கும், பாடகர் குரலின் மேல் ஏறாது. பத்தாண்டுக்கு முன் அந்தச் சமநிலைக்குப் பல மடங்கு பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

இவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், கூட்டில் குண்டூசி முனை அளவில் ஒரு துளை தெரியும். காற்று போய்வர விட்ட வழி அது. சவ்வுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு காற்று எப்படி நகரவேண்டும் என்று பேஸை அளந்துவைக்கும் வேலையில் பெரும்பங்கு அந்தத் துளைக்கும் அதன்மேல் ஒட்டிய வலைத் துணிக்கும் உண்டு. வியர்வையும் தூசியும் அதை அடைத்தால் ஒரு காது மட்டும் வேறு மாதிரி பாடும். பலர் டிரைவர் போய்விட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். பல நேரங்களில் உலர்ந்த, மென்மையான பிரஷால் துடைத்தாலே சரியாகிவிடும். பெட்டியில் வரும் மூன்று அளவு ரப்பர்களும் அப்படித்தான் வீணாகின்றன. நடு அளவை மட்டும் மாட்டிக்கொண்டு மற்றதைக் குப்பையில் போடுவது வழக்கம். இடது காதும் வலது காதும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஒன்றுக்கு நடுவும் மற்றதற்குப் பெரிதும் பொருந்தலாம். சரியான ரப்பர் உட்கார்ந்ததும் வெளிச் சத்தம் விலகும், பேஸ் நிறையும். அதற்குப் பிறகும் பேஸ் போதவில்லை என்றால் மட்டும் கடைக்காரரிடம் வேறு மாடல் கேட்கலாம்.